ரீசார்ஜ் விலை ஏறினால் யாரிடம் கேட்பது?
புதுச்சேரி ஆட்கள் போனில் ‘தமிழ்நாடு சர்க்கிள்’ என்று வருவது ஏன்? தொலைத்தொடர்பு உரிமத்தில் புதுச்சேரி, காரைக்கால் இரண்டும் தமிழ்நாட்டு வட்டம்தான். மாஹே கேரளா, ஏனாம் ஆந்திரா.

இந்த வட்டத்தில் ஒரு காலத்தில் கோலோச்சிய ஏர்செல், 2016-ல் ஜியோ வந்தபின் நடந்த விலைப்போரில் தாக்குப்பிடிக்கவில்லை. 2018-ல் திவால் மனு போட்டது. இப்போ மிச்சம் ஜியோ, ஏர்டெல், வி, அரசின் பிஎஸ்என்எல். 2024 ஜூலையில் தனியார் மூன்றும் அடுத்தடுத்து கட்டணத்தை ஏற்றின.

தடுக்க முடியாதா?
மொபைல் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்யலாம். டிராய் பொதுவாக தலையிடுவதில்லை. கூட்டு சேர்ந்து ஏற்றினார்களா என்று பார்ப்பது போட்டி ஆணையத்தின் வேலை. ஆனா, துறை சார்ந்த விஷயத்தில் முதலில் டிராய் முடிவு சொல்லட்டும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2018 டிசம்பர் தீர்ப்பு.

நம் கையில் என்ன?
நம்பரை மாற்றாமல் நிறுவனம் மாறலாம். அன்று விலை ஏற்றாத பிஎஸ்என்எல் பக்கம் பலர் போனது அப்படித்தான். டேட்டா தேவைப்படாதவர்கள் கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பிளானைக் கேட்டு வாங்கலாம். அதைக் கட்டாயமாக்கியது டிராயின் 2024 டிசம்பர் விதி. மாறிப்போக இன்னொரு கடை இருக்கும்வரைதான் வாடிக்கையாளர் பேச்சு எடுபடும்.