இருபத்தெட்டு நாள் பணக்காரன்

ஆலையிலே முப்பதாண்டு உழைத்த தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மைத் தேடி வந்தார். கையிலே ஒரு காகிதம். மகன் பொறியியல் தேறியவன். பிரிட்டனில் ஒரு பல்கலைக் கழகம் மேற்படிப்புக்கு இடம் கொடுத்துவிட்டது. மகிழ்ச்சியோடு வந்தார் என்று நினைத்தோம். முகம் அப்படிச் சொல்லவில்லை.

"இடம் கொடுத்துட்டாங்க அய்யா. ஆனா பாங்கியிலே பணம் இருபத்தெட்டு நாள் அசையாமக் கிடக்கணுமாம். செலவழிக்கக் கூடாதாம், காட்டுறதுக்காம்! காட்டி அனுப்ப அது என்ன கல்யாணப் பெண்ணா?"

சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு காகிதத்தை விரித்துக் கணக்குப் போட்டோம். இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

கணக்கைக் கேளுங்கள் தோழர்களே! 2025 நவம்பர் 11 முதல் பிரிட்டிஷ் சர்க்கார் வைத்திருக்கும் அளவு இது. லண்டன் நகரிலே படிக்கப் போகிறவன், சாப்பாட்டுக்கும் வாடகைக்குமாக மாதத்துக்கு 1,529 பவுண்டு காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே என்றால் 1,171 பவுண்டு. ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். ஆக, லண்டனுக்கு 13,761, வெளியூருக்கு 10,539. பவுண்டுக்கு நூறு ரூபாய் என்று மிகக் குறைத்தே போட்டாலும், வெளியூருக்கே பத்தரை லட்சம்! முதலாண்டுப் படிப்புக் கட்டணத்தில் கட்டாத பாக்கி முழுவதையும் இதோடு சேர்த்துக் காட்ட வேண்டும். மருத்துவ வரி ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. விசா மனுக் கட்டணம் தனி. தாலிக்கொடியிலே இருக்கும் பவுனை விற்றால்தான் சீமைப் பவுண்டை எட்டிப் பார்க்கலாம் என்ற நிலை.

இந்தப் பணம் இருபத்தெட்டு நாள் தொடர்ந்து கணக்கிலே இருக்க வேண்டும். இருபத்தேழாம் நாள் தாயாருக்கு மருந்து வாங்க எடுத்து, கணக்கு அளவுக்குக் கீழே ஒரு நாள் இறங்கினாலும் போயிற்று. மனு தள்ளுபடி ஆகலாம்.

யார் கணக்கிலே இருக்கலாம்? மாணவன் கணக்கிலே, அல்லது பெற்றோர் கணக்கிலே. மாமன் கணக்கு ஆகாது. சித்தப்பா கணக்கு ஆகாது. துபாயிலே வெயிலில் வெந்து தம்பியைப் படிக்க வைக்கும் அண்ணன் கணக்கும் ஆகாது! நம் ஊரிலே ஒரு பிள்ளையைக் கரையேற்றக் குடும்பமே தோள் கொடுக்கிறது. அந்தத் தோள்களை அந்தச் சட்டம் எண்ணுவதில்லை. வீட்டுப் பத்திரம் செல்லாது. பங்குப் பத்திரம் செல்லாது. முப்பதாண்டு வியர்வையில் சேர்ந்த வருங்கால வைப்பு நிதியும், கையில் வாங்கிப் பாங்கியில் போடும் வரை செல்லாது. படிக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்று அவர்களே அனுமதிக்கிறார்கள். அப்படிச் சம்பாதிக்கப் போவதையும் இந்தக் கணக்கிலே சேர்க்கக் கூடாது என்கிறார்கள்.

சரி, இத்தனை தொகை இல்லாத தகப்பன் என்ன செய்கிறான்? இங்கேதான் வருகிறார் வட்டிக் கடைக்காரர். பணத்தைத் தருகிறார், கணக்கிலே போடச் சொல்கிறார், இருபத்தெட்டு நாள் ஆனதும், விசா வந்ததும் திரும்ப எடுத்துக் கொள்கிறார். கட்டணப் பாக்கி பதினைந்து லட்சம் என்று வைத்துக் கொள்வோம். சாப்பாட்டுக் கணக்கு பத்தரை லட்சம். ஆக இருபத்தைந்தரை லட்சம். மூன்று வட்டிக்கு ஒரு மாதம் வாங்கினால், வட்டி மட்டும் 76,500 ரூபாய்! ஒரு கவளம் சோறு இந்தப் பணத்திலே மாணவன் உண்ணவில்லை. ஒரு புத்தகம் வாங்கவில்லை. இருபத்தெட்டு நாள் பணக்காரனாக வேடம் போட்டதற்கு அரிதாரக் கூலி இது. வேடம் கலைந்த பின் விமானம் ஏறும் பிள்ளையிடம், முன்பு இருந்த வறுமையோடு புதிதாக ஒரு கடனும் சேர்ந்து ஏறுகிறது.

"அயல்நாட்டான் வந்து பட்டினி கிடக்கக் கூடாதே, அதற்காகத்தான் கேட்கிறோம்" என்று அவர்கள் சொல்லக்கூடும். நியாயமான பேச்சு, மறுக்கவில்லை நாம். குளிர் நாட்டிலே வாடகை கட்ட முடியாமல் நம் பிள்ளைகள் தவிப்பதை நாமும் விரும்பவில்லை. ஆனால் வட்டிக்காரர் எடுத்துக் கொண்டு போன பணம் எந்தப் பட்டினியைத் தீர்க்கும்? ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே பணத்தை அடைக்கப்பட்ட கணக்கு ஒன்றிலே போடச் சொல்கிறார்கள். மாணவன் போய்ச் சேர்ந்ததும் மாதாமாதம் அந்தப் பணமே அவன் கைக்கு வருகிறது. அதுவும் ஏழைக்குப் பாரம்தான். ஆனாலும் அந்தப் பணம் அவனுக்குச் சோறு போடுகிறது. பிரிட்டனிலோ பணத்தின் நிழல் போதும் என்கிறார்கள்.

இந்த 10,539 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடினோம். வியந்து போனோம்! இங்கிலாந்தின் சொந்த இளங்கலை மாணவனுக்கு, லண்டனுக்கு வெளியே தங்கிப் படிக்க, 2025-26ஆம் ஆண்டில் அந்தச் சர்க்கார் கொடுக்கும் வாழ்க்கைச் செலவுக் கடனின் உச்ச அளவு 10,544 பவுண்டு. லண்டனிலே 13,762. ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்; நம்மிடம் கேட்கும் மாதத் தொகை வரும். அந்த உச்ச அளவு யாருக்கு? ஆண்டு வருமானம் 25,000 பவுண்டுக்கு மேற்போகாத குடும்பத்துப் பிள்ளைக்கு. வீடு ஏழையானால் கடன் கூடும். படித்து முடித்து, ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்கிய பிறகுதான் திருப்பிக் கட்ட வேண்டும். 40 ஆண்டாகியும் தீராத பாக்கி தள்ளுபடி!

நல்ல ஏற்பாடு. பாராட்டுகிறோம். ஆனால் எண் ஒன்று, நீதி இரண்டு! இங்கிலாந்து ஏழைக்கு, "இந்தா, வாங்கிக் கொள்" என்று நீட்டும் அதே தொகையை, நம் ஏழையிடம் "எங்கே, எடுத்துக் காட்டு" என்று கேட்கிறார்கள்.

எல்லா நாட்டாரிடமும் இப்படித்தான் கேட்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. சில நாடுகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அந்த நாட்டு மாணவன் பணம் வைத்திருக்க வேண்டும்; ஆனால் மனுவோடு பாங்கிக் கணக்கை வைக்க வேண்டியதில்லை, கேட்டால் மட்டும் காட்டினால் போதும். அமெரிக்காவும் கனடாவும் ஜப்பானும் அதிலே உண்டு. 2018-லே பட்டியலை விரித்தார்கள். சீனா சேர்ந்தது. கம்போடியா சேர்ந்தது. மாலத்தீவும் சேர்ந்தது. இந்தியா? இல்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. மாலத்தீவு மாணவன் மீது நமக்குக் கோபமில்லை. அவன் நன்றாகப் படிக்கட்டும். அவன் சொல்லை நம்புகிறவர்கள், நம் பிள்ளையின் சொல்லை ஏன் நம்பவில்லை என்றுதான் கேட்கிறோம்.

அண்ணல் அம்பேத்கரை எண்ணிப் பார்க்கிறோம். 1913-லே பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித் தொகை கொடுத்தார். அவர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக் கழகம் போனார். தந்தையார் அந்த ஆண்டிலேயே மறைந்துவிட்டார். பின்னர் லண்டன். உதவித் தொகைக் காலம் முடிந்தது; 1917-லே படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாயிலே பேராசிரியராக இருந்து மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் உதவினார். நண்பர் ஒருவர் கடன் கொடுத்தார். இவற்றையெல்லாம் திரட்டிக் கொண்டு 1920-லே மீண்டும் லண்டன் போனார். 1923-லே ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் பெற்றார். அன்று வாசலில் நின்று, "நண்பர் தந்த கடன் கிடக்கட்டும், இருபத்தெட்டு நாள் கணக்கு எங்கே? இல்லையேல் உன் தகப்பனார் கணக்கு எங்கே?" என்று கேட்டிருந்தால்? ரூபாயின் சிக்கலை ஆராய்ந்தவர், ரூபாய்ச் சிக்கலாலேயே கப்பல் ஏறியிருக்க மாட்டார்.

சீமையை மட்டும் சாடிவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் இருப்பது நேர்மையல்ல. பாங்கியின் கல்விக் கடன் பத்திரத்தைப் பிரிட்டன் ஏற்கிறது; இருபத்தெட்டு நாள் தொல்லையும் அதற்கு இல்லை. அப்படியானால் கடன் வாங்கலாமே? ஈடு இல்லாமல் கடன் கொடுக்க மத்திய சர்க்கார் நிற்கும் உத்தரவாதம் ஏழரை லட்சம் வரைதான். அதற்கு மேலே வீடு எங்கே, நிலம் எங்கே என்கிறார்கள். ஏழரை நாட்டுச் சனியை நம்பாதவர்கள் நாம். ஆனால் இந்த ஏழரை லட்சம் ஏழையைப் பிடித்து ஆட்டுவதைக் கண்ணாலே காண்கிறோம்! தாழ்த்தப்பட்டோர், சீர்மரபினர், நிலமற்ற கூலிகள், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் அயல்நாடு போய்ப் படிக்க மத்திய சர்க்காரின் உதவித் தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடம். இத்தனை கோடி மக்கள் வாழும் நாட்டுக்கு 125!

2025 ஜூலை 24-லே இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. விஸ்கிக்கு இருந்த 150 சத வரியை 75 ஆக்கி, பத்தாண்டில் 40-க்கு இறக்க ஒப்புக் கொண்டார்கள். யோகா ஆசிரியர்களுக்கும் சமையற்காரர்களுக்கும் இசைக் கலைஞர்களுக்கும் வழி கேட்டு வாங்கினார்கள். போகட்டும், அவர்களும் உழைப்பவர்களே. விஸ்கிப் புட்டிக்காக இவ்வளவு விட்டுக் கொடுத்தவர்கள், பதிலுக்கு இந்த மாணவர் பட்டியலிலே இந்தியாவின் பெயரை எழுதச் சொல்லியிருக்கலாம். சீமைச் சர்க்காருக்கு அதனால் ஒரு பென்னி செலவில்லை.

நம்முடைய நாடாளுமன்ற உறுப்பினர்களை இரண்டு கேள்வி எழுப்பச் சொல்கிறோம். மாலத்தீவுக்கு உள்ள அந்த இடத்தை இந்தியாவுக்குக் கேட்டு, இந்திய சர்க்கார் எத்தனை முறை எழுதியது, என்ன பதில் வந்தது? ஏழரை லட்சம் என்ற வரம்பை, அயல்நாட்டில் இடம் கிடைத்த ஏழை மாணவனுக்காவது எப்போது உயர்த்தப் போகிறார்கள்?

வந்த தோழரிடம் பாங்கிக்குப் போகச் சொல்லியிருக்கிறோம். வட்டிக்காரரிடம் போக வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறோம். வீட்டுப் பத்திரத்தோடு பாங்கிக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டிலே அண்ணன் தம்பி மூவருக்குப் பங்கு. மூவரும் கையெழுத்திட வேண்டுமாம்.