ஒலிபெருக்கியின் வெற்றுத் துளைகளுக்கு மூடி வேண்டுமா?

ஒலிபெருக்கிக் கருவியின் பின்புறத்தைப் பார்த்தவர்கள் அங்கே வரிசையாக அமைந்துள்ள சிறு வட்டத் துளைகளை அறிவர். ஆர்.சி.ஏ. என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பெயரால் இன்றும் வழங்கும் இத்துளைகள், 1930களில் கிராமபோனை வானொலிப் பெட்டியுடன் இணைக்கும் பொருட்டு ஏற்பட்டவை. இன்றைய கருவியொன்றில் இவை ஐந்தாறு ஜோடிகள் இருக்கும். பள்ளியிலோ அலுவலகத்திலோ அவற்றுள் ஒன்றிரண்டே உபயோகமாகின்றன. ஏனையவை வெறுமனே கிடக்கின்றன.

இவ்வாறு திறந்து கிடக்கும் துளைகளின் வழியே வெளியிலுள்ள மின் அலைகள் உட்புகுந்து இசையைக் கெடுக்கின்றன என்றும், அவற்றை உலோக மூடிகளால் அடைத்துவிட்டால் ஒலி தெளிவுறும் என்றும் ஒரு சாரார் கூறி வருகின்றனர். சில ரூபாய் விலையுள்ள பிளாஸ்டிக் மூடி முதல், தங்க முலாம் பூசி ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் மூடி வரை கடைகளில் கிடைக்கின்றன. பள்ளிக்கு வாங்கும் பொருள்களின் பட்டியலை எழுதும் ஆசிரியரும், கிராமம் கிராமமாகக் கருவியைச் சுமந்து செல்லும் களப்பணியாளரும் இக்கூற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். மூடி என்ற ஒரே சொல் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறது. மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் மூடி ஒன்று. அது தூசியைத் தடுக்கும், வேறெதுவும் செய்யாது. துளையின் வெளி வளையத்தை மட்டும் தொட்டு நின்று, நடு முனையைத் தொடாமல் கவிந்திருக்கும் உலோக மூடி மற்றொன்று. அது மின்புலத்தை மறைக்கும் திரை போன்றது. நடு முனையையும் வெளி வளையத்தையும் ஒன்றாக இணைத்துவிடும் குறுக்கிணைப்பு மூடி மூன்றாவது. விற்பவர்கள் இம்மூன்றையும் ஒன்றெனவே பேசுவதால்தான் விவாதம் முடிவின்றி நீளுகிறது.

இனி, கணக்கைப் பார்ப்போம். குறுந்தகடு இயக்கி போன்ற சாதனங்கள் அனுப்பும் மின்னழுத்தம் உச்ச அளவில் ஏறத்தாழ 2 வோல்ட். அதை ஏற்கும் துளைக்குப் பின்னே சில பத்தாயிரம் ஓம் அளவுள்ள மின்தடை ஒன்று உண்டு. நாம் கேட்கும் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் விசை மற்றத் துளைகளைச் சுற்றிலிருந்து விலக்கி வைக்கிறது. ஆகவே, வெற்றுத் துளையில் புகும் தொல்லை நம் செவிக்கு எட்ட வேண்டுமாயின், அது இவ்விசையைத் தாண்டியாக வேண்டும். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நடு முனை 100 மைக்ரோவோல்ட் அளவு தொல்லையை வாங்கியதாகத் தாராளமாகவே கொள்வோம். விசை அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கசிய விடுகிறது எனினும், எஞ்சுவது 0.1 மைக்ரோவோல்ட். அது 2 வோல்ட்டின் இரண்டு கோடியில் ஒரு பங்கு. டெசிபெல் கணக்கில் 146 கீழே. இதற்கு மாறாக, 10,000 ஓம் மின்தடை ஒன்று, அறை வெப்பத்தில் தன்னுள் இருக்கும் மின்னணுக்களின் அலைச்சலாலேயே, செவிக்குரிய 20,000 ஹெர்ட்ஸ் எல்லைக்குள் ஏறத்தாழ 1.8 மைக்ரோவோல்ட் இரைச்சலை உண்டாக்குகிறது. ஜான்சன், நைக்விஸ்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் 1928இல் விளக்கிக் காட்டிய விதி இது. வீட்டுக்குள்ளே பதினெட்டுப் பேர் பேசிக்கொண்டிருக்க, தெருவில் ஒருவர் முணுமுணுப்பதைத் தடுக்கக் கதவுக்குத் தங்கப் பூட்டு வாங்குவது போன்றது இது.

எனினும் எல்லாத் துளைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. இசைத்தட்டு ஊசிக்கென்று தனியே அமைந்த 'போனோ' துளையின் நிலை வேறு. ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. ஆதலின் அதை 1,000 ஹெர்ட்ஸில் நூறு மடங்கு அளவுக்குப் பெருக்குகிறார்கள். 1954இல் ஏற்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. நியமப்படி, தாழ்ந்த சுருதிகளை இன்னும் அதிகமாகப் பெருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸில் இது மேலும் ஏழு மடங்காகிறது. நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் அந்த 50 ஹெர்ட்ஸ்தான்! ஊசி இணைக்கப்படாத போனோ துளையைத் தேர்ந்தெடுத்து ஒலியை உயர்த்தினால் 'ஹம்' என்னும் முரல் ஓசை எழும்; குறுக்கிணைப்பு மூடியைச் செருகினால் அது பெருமளவு அடங்கும். மூடி விற்பவர்கள் செய்து காட்டும் சோதனை பெரும்பாலும் இதுவே. சோதனை உண்மையானது, ஆனால் தட்டுச் சுழற்றி இல்லாதவர் அத்துளையைத் தேர்ந்தெடுத்து எதைக் கேட்கப் போகிறார்? விசை தேய்ந்து அழுக்கேறிய பழைய கருவிகளில் மட்டும் இந்த ஓசை மற்றச் சாதனங்களுக்குள்ளும் மெல்லக் கசியக்கூடும். அங்கே மூடிக்கு ஓரளவு பயன் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் வாசகர்கள் நாள்தோறும் கையாளுவது வேறு வகைக் கருவி. பள்ளி விழாவிலும் ஊர்க் கூட்டத்திலும் வைக்கப்படும் ஆம்ப்ளிபயரில் மூன்று அல்லது நான்கு மைக்குகளுக்குத் துளைகள் இருக்கும். இங்கே தேர்வு விசை கிடையாது. எல்லாத் துளைகளின் ஒலியும் ஒன்றாகக் கலக்கப்படுகிறது. மைக் இல்லாத துளையின் குமிழ் திருகியபடியே இருந்தால், அதன் இரைச்சலும் கூட்டத்தில் சேரும். பரிகாரம் யாதெனில், அக்குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புவதே. இதற்குக் காசு செலவில்லை. மேலும், 6.35 மில்லிமீட்டர் ஜாக் துளைகள் பலவற்றில், பிளக்கை உருவியவுடன் உள்ளிருக்கும் சிறு வில் ஒன்று இரு முனைகளையும் தானே இணைத்துவிடும். மூடி செய்யும் வேலையைக் கருவியை அமைத்தவர்கள் முன்னரே செய்து வைத்திருக்கிறார்கள். வில் வளைந்தோ துருவேறியோ போயிருந்தால், சாதாரணப் பிளக் ஒன்றின் இரு முனைகளையும் ஈயத்தால் பற்றவைத்துச் செருகிவிடலாம். பள்ளிப் பயிற்சிக் கூடத்தில் மாணவரே செய்யக்கூடியது அது.

குறுக்கிணைப்பு மூடியை உபயோகிப்போர் ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. வெளியீட்டுத் துளைகளில் அதைச் செருகவே கூடாது. 'டேப் அவுட்' என்னும் வெளியீடும் அதை அடுத்த உள்ளீடும் ஒரே தோற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மாற்றிச் செருகினால் கருவி பழுதுபடக்கூடும். 48 வோல்ட் மின்சாரம் தரும் மைக் துளைகளிலும் இதைத் தவிர்த்தல் நன்று.

அப்படியாயின் மூடியே வேண்டாமா? வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதற்குக் காரணம் வேறு. கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கிறது. செங்கற் சூளைக்கும் சாலைக்கும் அருகிலுள்ள கட்டடங்களில் தூசி படிகிறது. சில இடங்களில் குளவி மண்ணை வைத்து அடைத்துவிடுகிறது. முனைகளில் அழுக்கேறினால் கரகர ஒலி எழும். ஒரு பக்க ஒலி விட்டு விட்டுக் கேட்கும். இவற்றைத் தடுக்கப் பிளாஸ்டிக் மூடியே போதும். அது உள்ள ஒலியைக் காக்கிறது, உயர்த்துவதில்லை.

"நான் என் காதாலேயே வேறுபாட்டைக் கேட்டேன்" என்று கூறுவோர் உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். மூடியைச் செருகும்போது அண்டையிலுள்ள இணைப்புகளை உருவிச் செருகுகிறோம். அதனால் முனைகள் துடைபடுகின்றன. இடையில் ஒலிக் குமிழ் சிறிது நகர்ந்திருக்கலாம். பணம் கொடுத்த பின் எழும் எதிர்பார்ப்பும் ஒன்று உண்டு. இவற்றை விலக்கிச் சோதிக்கும் முறையை மன்சன், கார்ட்னர் ஆகியோர் 1950இலேயே எழுதி வைத்தனர். வகுப்பில் இதைச் செய்வது எளிது. ஒரு மாணவர் திரைக்குப் பின் நின்று நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் மூடியைச் செருகவும், பூ விழுந்தால் எடுக்கவும் செய்து, அதைக் குறித்துக்கொள்ளட்டும். அவரைக் காணாத மற்றொருவர் கேட்போரின் விடைகளைக் குறிக்கட்டும். பத்து முறை செய்தால், வெறும் ஊகத்தாலேயே ஐந்து சரியாகும். எட்டோ அதற்கு மேலோ சரியாவது பதினெட்டில் ஒரு முறை தற்செயலாகவே நிகழும். ஆதலின் எட்டைக் கண்டு மயங்கலாகாது. ஒன்பதோ பத்தோ சரியாவது நூற்றில் ஒரு முறை மட்டுமே. ஒன்பது வந்தால் சோதனையை மறுநாளும் செய்து பார்க்க வேண்டும். கணக்குப் பாடத்தில் நிகழ்தகவு கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

நம் கூடங்களில் கேட்கும் முரல் ஓசைக்கு மெய்யான காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, மைக் கம்பியின் வெளிப்பின்னல் அறுந்திருப்பது. மற்றொன்று, ஆம்ப்ளிபயரும் கணிப்பொறியும் வெவ்வேறு சுவர்த் துளைகளிலிருந்து மின்சாரம் பெறுவதால் அவற்றின் நில இணைப்புகள் ஒரு வளையமாக அமைந்துவிடுவது. எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து இணைத்தால் பெரும்பாலும் ஓசை நின்றுவிடும். நிற்காவிடில் ஒலிக் கம்பியின் இடையே பிரிப்பு மின்மாற்றி ஒன்றை வைக்கலாம். மூடிக்கென ஒதுக்கும் பணத்தை இவற்றுக்குச் செலவிடுதலே தக்கது. ஆனால் பல இடங்களில் வேறொன்று நடைபெறுகிறது. மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை உடைத்துவிட்டால் முரல் நின்றுவிடும் என்று யாரோ சொல்ல, அப்படியே செய்துவிடுகிறார்கள். ஓசை நிற்பது உண்மையே. ஆனால் அதன்பின் கருவிக்குள் கசிவு ஏற்பட்டால் 230 வோல்ட் நிலத்துக்குச் செல்ல வழியின்றி, உலோகப் பெட்டியிலும் மைக்கின் பிடியிலும் நிற்கும். அப்பிடியை ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று பற்றுபவர் பெரும்பாலும் ஒரு மாணவராகவே இருப்பார். அவ்வாறு முனை உடைந்த பிளக் கண்ணிற் பட்டால், விழாவை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேனும் அதை மாற்றிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.