சேறு எங்கே ஒட்டும்?



சென்ற மாதம் ஒரு தாய் எழுதியிருந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். மகன் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறானாம். "விடுமுறையில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு பிளாஸ்டிக் டாங்கி வாங்கி வந்தான். ஒட்டினான், சாயம் பூசினான், பார்க்க அழகாகத்தான் இருந்தது. இப்போது அதை வேண்டுமென்றே அழுக்காக்கிக்கொண்டிருக்கிறான். கேட்டால், 'அதுதான் அம்மா முக்கியமான வேலை' என்கிறான். காசைக் கரியாக்குகிறானே, நீங்களாவது புத்தி சொல்லக்கூடாதா?" என்று கேட்டிருந்தார்.

அம்மா, உங்கள் மகன் சொல்வது உண்மைதான். ஆனால் அழுக்காக்குவதிலும் முறை இருக்கிறது. அந்த முறையை எனக்குச் சரியாகக் கற்றுக் கொடுத்தவர் பள்ளிக்கூடத்தையே மிதிக்காத ஒருவர். அந்தக் கதையையும் சேர்த்து இந்த மாதம் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பட்டணத்தில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். லோரி ஓட்டுநர், மருந்துக்கடைக்காரர், இரண்டு மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று பலதரப்பட்டவர்கள். எல்லாரும் ஒரே தலைப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் தொடங்கி, குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டும். மாதம் இருமுறை ஒருவர் வீட்டில் கூடி, அவரவர் செய்ததை மேசையில் வைத்துக் குறை நிறை சொல்ல வேண்டும். இதற்கு 'குரூப் பில்ட்' என்று பெயர். சீட்டுப் பிடிப்பதுபோல இதிலும் ஒரு வசதி உண்டு. பச்சைச் சாயம் ஒருவர் வாங்குவார், பழுப்பை இன்னொருவர் வாங்குவார், தின்னர் மூன்றாமவர் கணக்கு. தனியாகச் செய்தால் ஆகும் செலவில் பாதிகூட ஆகாது.

நாங்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு, "மலாயாவுக்குள் வந்த டாங்கிகள்". முடிக்க வேண்டிய நாள் ஜனவரி 7. அந்த நாளுக்குக் காரணம் உண்டு.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை வடக்கே கரையிறங்கியது. ஒரு மாதத்தில் பேராக்கின் தென்கோடிக்கு வந்துவிட்டது. 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியுமுன், துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை பெருஞ்சாலையைக் காத்து நின்ற இந்திய 11ஆம் டிவிஷன்மீது, சுமார் 20 டாங்கிகள் இருட்டிலேயே பாய்ந்தன. அன்று மலாயாவில் பிரிட்டிஷார் கையில் ஒரு டாங்கிகூட இல்லை. சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்டிருந்த பழைய வளைவுகள் ரப்பர் மரங்களுக்கிடையே கிடந்தன. தடை போட்டிருந்த இடங்களில் டாங்கிகள் அந்த வளைவுகளில் புகுந்து சுற்றி வந்துவிட்டன. சில மணி நேரத்தில் சுமார் 30 கிலோமீட்டர் உள்ளே வந்து, சிலிம் ஆற்றுப் பாலத்தையும் பிடித்துவிட்டன. நான்கு நாள் கழித்து, ஜனவரி 11ஆம் தேதி, கோலாலம்பூர் விழுந்தது.

அந்த டாங்கிகளில் பெரும்பாலானவை 'சி-ஹா' எனப்படும் 97ஆம் வகை. ஜப்பானிய நாட்காட்டியில் 2597ஆம் ஆண்டு, அதாவது நமது 1937, என்பதால் அந்த எண். எடை சுமார் 15 டன், உள்ளே நான்கு பேர், 57 மில்லிமீட்டர் பீரங்கி. உண்மை டாங்கியின் நீளம் ஐந்தரை மீட்டர். கடைகளில் கிடைக்கும் மாதிரி அதில் 35இல் ஒரு பங்கு. சுமார் 16 சென்டிமீட்டர்தான். பசியாறும் தட்டில் வைத்துவிடலாம்!

இனி வேலைக்கு வருவோம். தாய்மார்களும் கவனியுங்கள், பிள்ளை என்ன செய்கிறான் என்று தெரிந்தால்தானே சரியாகச் செய்கிறானா என்று கேட்க முடியும்?

ஒட்டி முடித்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். கையெண்ணெய் இருந்தால் சாயம் பிடிக்காது. பிறகு பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு. அதன்மேல் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் சாயம். ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் ஆணித்தலைகளும் மூட்டுகளும் மூழ்கிப்போகும். ஆகவே நீர்க்கப் பூசி, காய்ந்ததும் மறுபடி பூச வேண்டும். அக்காலத்து ஜப்பானிய டாங்கிக்குக் காக்கி, பச்சை, பழுப்பு என்று திட்டுத் திட்டாக நிறம். குறுக்கே வளைந்து ஓடும் மஞ்சள் கோடு. தூரத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு அதன் உருவம் உடைந்து தெரிவதற்காகத்தான் அந்தக் கோடு.

நிறம் காய்ந்தபின் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. அதன்பின் கரும்பழுப்பு எண்ணெய்ச் சாயத்தை, தேயிலைச் சாயம்போல் நீர்த்துப்போகும்வரை தின்னரில் கரைத்து, நுனித் தூரிகையால் ஆணித்தலை ஓரத்திலும் மூட்டு இடுக்கிலும் தொட்டுவிட வேண்டும். அது தானாக ஓடி இடுக்குகளில் தங்கும். நிழல் விழுந்ததுபோல் தெரியும். இதற்கு 'வாஷ்' என்பார்கள். கீழே அக்ரிலிக், மேலே எண்ணெய்ச் சாயம் என்ற வரிசையை மாற்றக்கூடாது. அவசரப்படவும் கூடாது. நான் வார்னிஷ் காயுமுன் தின்னரைத் தொட்டுவிட்டேன். மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட மஞ்சள் கோடு வழிந்து பச்சையோடு கலந்துவிட்டது. அன்று இரவு சோறு இறங்கவில்லை. ஒரு பக்கத்தை முழுக்கச் சுரண்டி மறுபடி பூசினேன்.

ஓரங்கள் எடுப்பாகத் தெரிய உலர்தூரிகை முறை உண்டு. வெளிர் நிறத்தைத் தூரிகையில் தொட்டு, கந்தல் துணியில் முக்கால்வாசியும் துடைத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தடவுவது. சங்கிலித் தடத்தில் தரையோடு உரசும் பகுதி உண்மையில் பளபளக்கும். அதற்குப் பென்சில் கரியைத் தேய்த்தால் போதும். சாயம் உரிந்த தோற்றத்துக்குப் பஞ்சுத் துண்டைக் கிள்ளி, அடர்பழுப்பில் தொட்டு, மூடிகளின் விளிம்பில் ஒற்றலாம்.

இதெல்லாம் செய்தபின் என் டாங்கியை மேசையில் வைத்தேன். உடம்பெல்லாம் துரு, மேலெல்லாம் சேறு, புகை. குழுவில் எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தேன். என் தாயார் வந்து பார்த்தார். 1935இல் பிறந்தவர், அப்போது அவருக்கு 80 வயது. தஞ்சோங் மாலிமுக்குத் தெற்கே, பெருஞ்சாலையை ஒட்டிய ஒரு கித்தாத் தோட்டத்தில் வளர்ந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் தம்பி, இது எத்தனை வருசம் கிடந்து துருப்புடிச்சது?" என்றார்.

"புதுசுதாம்மா. சண்டைக்கு வந்தது" என்றேன்.

"நாங்க பார்த்தப்போ துரு இல்லையே. புது வண்டியாத்தான் இருந்துச்சு. சேறு இருந்துச்சு, அதுவும் கீழேதான். மேலே தூசியும் மரக்கிளையும்."

நான் வாயடைத்துப்போனேன். ஏழு வயதுச் சிறுமி அவற்றைப் பார்த்திருக்கிறாள். அறுபது வயதை நெருங்கும்வரை நான் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பிறகு சொன்னார். லயத்துக்குப் பின்னால் கால்வாயில் பாட்டி அவர்களைப் படுக்கவைத்தாராம். முதலில் தெரிந்தது சத்தம்கூட இல்லை. வாசலில் வைத்திருந்த வாளித் தண்ணீர் நடுங்கியதுதானாம். டாங்கிகளின் மேல் ரப்பர்க் கிளைகளைக் கட்டியிருந்தார்களாம்; இலையெல்லாம் வாடித் தொங்கியதாம். ஒன்று சடக்கை விட்டு இறங்கி நிரைக்குள் புகுந்து போனதாம். காலையில் பால் எடுக்கப் போனவர்கள் போட்டுவிட்டு ஓடிய வாளிகள் அதன் அடியில் நசுங்கிக் கிடந்தனவாம். "அதுல ஒண்ணு எங்க அப்பாவோடது" என்றார்.

அந்த அப்பா, என் தாத்தா, மறு ஆண்டு சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார். 415 கிலோமீட்டர்ப் பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள் என்பதும், அவர்களில் திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பதும் உங்களில் பலர் வீட்டுக் கதைதான். எங்கள் தாத்தாவும் திரும்பவில்லை.

"இதை வீட்டுல வைக்கணுமா, தம்பி?" என்று தாயார் கேட்டார். கோபமில்லை, கேள்விதான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். தாத்தாவைக் கொண்டுபோனவர்களின் வண்டியை அழகு பார்க்கவா மூன்று மாதம் உழைத்தேன் என்று நெஞ்சு உறுத்தியது. குழுவை விட்டு விலகிவிடலாமா என்றுகூட எண்ணினேன்.

ஒரு வாரம் கழித்து அவரே கேட்டார்: "எங்கே அந்த வண்டி? செய்யறதுன்னா சரியாச் செய். துருவை எடு. வாளியை வை."

அதன்பிறகு செய்ததுதான் உண்மையான வேலை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரையிறங்கி ஒரு மாதம். அதுவும் அடைமழைக் காலம். ஒரு மாதத்தில் உடம்பெல்லாம் துரு எப்படி வரும்? பெரும்பாலும் தாரிட்ட சாலையில் வந்தது. நிரைக்குள்ளும் பழைய வளைவுகளிலும் மட்டும் இறங்கியது. அப்படியானால் சேறு சக்கரத்திலும் அடிப்பகுதியிலும்தான் இருக்க வேண்டும். மேற்பகுதியில் தூசி, அதன்மேல் மழை கழுவிய கோடுகள், மேலிருந்து கீழாக. துரு, சூடேறும் புகைக்குழாயில் மட்டும். வீரர்கள் ஏறி இறங்கும் இடத்தில் தேய்மானம். இவ்வளவுதான். எங்கள் லோரி ஓட்டுநர் நண்பர் சொன்னார்: "நம்ம தோட்டத்து டிரக்டரைப் பாருங்க. மட்கார்டுக்கு உள்ளே பழைய சேறு காய்ஞ்சு வெளுத்திருக்கும், அதுக்கு மேலே இன்னைக்குச் சேறு ஈரமாக் கறுத்திருக்கும்." எந்தப் புத்தகத்தைவிடவும் அது எனக்குப் பயன்பட்டது.

செம்மண்ணுக்குக் கடையில் தூள் வாங்க வேண்டியதில்லை. தோட்டத்து மண்ணை நன்றாகக் காயவைத்து, வாணலியில் வறுத்து, தேயிலை வடிகட்டியில் சலித்து, பிறகு மெல்லிய துணியில் இன்னொரு முறை சலியுங்கள். 35இல் ஒரு பங்கு என்பதை மறக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் மணல் அங்கே மூன்றரை சென்டிமீட்டர்க் கல்லாகத் தெரியும். சலித்த தூளை மங்கல் வார்னிஷில் குழைத்து, அடியிலிருந்து மேலாகப் பூசுங்கள். மேலே போகப் போகக் குறையட்டும். தூசிக்கு, வண்ணச் சுண்ணக்கட்டியை உப்புத்தாளில் தேய்த்த பொடி போதும்.

அடித்தட்டுப் பலகையில் சடக்கு ஓரம், இரண்டு ரப்பர் மரம், ஒட்டில் பால், தடத்தின் கீழே நசுங்கிய இரண்டு வாளிகள். வாளியைப் பால்டின் மூடித் தகரத்தில் வெட்டினேன். ஜப்பானிய வீரர் பொம்மைகள் பெட்டியில் இருந்தன, வைக்கவில்லை.

ஜனவரி 7ஆம் தேதி எட்டு டாங்கிகளையும் ஒரு மண்டபத்தில் வைத்தோம். வந்த பிள்ளைகள் முதலில் பீரங்கியைத்தான் பார்த்தார்கள். பிறகு ஒரு சிறுவன் கேட்டான்: "அங்கிள், அது என்ன வாளி?" பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாயார்தான் பதில் சொன்னார். அரைமணி நேரம் சொன்னார். எனக்கே அவர் சொல்லாதவையெல்லாம் அதில் இருந்தன.

இன்று அவர் இல்லை. டாங்கி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஆகவே, கடிதம் எழுதிய அம்மாவுக்கு: மகனைத் தடுக்காதீர்கள். மூன்று காரியம் மட்டும் கேளுங்கள். தின்னர் வாடை தலைக்கேறும். சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளி வேலை செய்யச் சொல்லுங்கள். பாடத்தை முடித்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். மூன்றாவது, "இந்த வண்டி எங்கே ஓடியது? யார் பார்த்தார்கள்?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் பூசும் சேறு வெறும் அழுக்கு.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அந்தக் காலத்தைக் கண்டவர் இன்னும் இருந்தால், செய்த மாதிரியை அவர் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். குறை சொல்வார்கள். சொல்லட்டும், பக்கத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.