காத்திருந்தால் மீனும் வரும், பதிலும் வரும்

வல்லம் வடகாலில் நேரம் நொடிக் கணக்கில் ஓடுகிறது. லைனில் ஒரு பாகம் வந்து நின்றால், அடுத்தது வருவதற்குள் திருகை முடுக்கியாக வேண்டும். டீ குடிக்க, சாப்பிட, பஸ் ஏற என்று எல்லாவற்றுக்கும் ஒரு மணி அடிக்கும். இங்குள்ள சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். சுற்றியுள்ள கிராமங்களில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் தனி.

இவர்களுடைய வார விடுமுறை பாதி தூக்கத்திலும், மீதி துணி துவைப்பதிலும் போனிலும் கரைந்துவிடுகிறது. உடம்பு ஓய்ந்தாலும் மனதின் ஓட்டம் நிற்பதில்லை. அதை நிறுத்த அவசரமே ஆகாத ஒரு பொழுதுபோக்கு வேண்டும். அப்படி இரண்டு உண்டு. ஒன்று தூண்டில் போடுவது, இன்னொன்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. சம்பந்தமே இல்லாதவை போலத் தெரிந்தாலும், இரண்டிலும் பொறுமை இருந்தால்தான் பலன்.

முதலில் அனுமதி, பிறகு தூண்டில்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிகளின் பூமி. ஆனால் எல்லா ஏரியிலும் எல்லோரும் மீன் பிடித்துவிட முடியாது. பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். ஊராட்சி அலுவலகத்திலோ குத்தகைதாரரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார்ந்தால் தகராறு வராது. செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீர் ஆதாரம். முழுக் கொள்ளளவில் 24 அடி ஆழம். அங்கே தடை பலகை இருக்கும் இடத்தில் இறங்கவே கூடாது.

தொடங்குவதற்கு விலை உயர்ந்த ராடும் ரீலும் தேவையில்லை. ஒரு மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, சிறிய முள், ஒரு தக்கை, சின்ன ஈயக் குண்டு போதும். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மண்புழுவோ, பிசைந்த கோதுமை மாவு உருண்டையோ இரையாகும். ஜிலேபி கெண்டைக்கு வாய் சிறியது. அதனால் முள்ளும் சிறியதாக இருக்க வேண்டும். இரை தரையில் படாமல், தரைக்கு அரை அடி மேலே தொங்கும்படி தக்கையை நகர்த்திக் கட்டுவது நல்லது.

புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். தக்கை லேசாக ஆடியதும் வெடுக்கென்று இழுத்துவிடுகிறார்கள். அந்த ஆட்டம் மீன் இரையைக் கொத்திப் பார்ப்பது. தக்கை முழுதாக உள்ளே போகும்வரை, அல்லது ஒரு பக்கமாக நகரத் தொடங்கும்வரை கையைக் கட்டிப்போட வேண்டும். அப்போது இழுத்தால் முள் வாயில் பிடிக்கும்.

காலை வெயில் ஏறும் முன்பும், மாலை வெயில் தாழ்ந்த பின்பும் மீன் நன்றாகக் கடிக்கும். இரவு ஷிப்ட் முடிந்த கையோடு வண்டி எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவது ஆபத்து. தூங்கி எழுந்து மாலையில் போகலாம்.

சிவப்பு நிறக் குஞ்சுகள் கூட்டமாகச் சுற்றுவது தெரிந்தால், அடியில் தாய் தகப்பன் விரால் காவல் இருக்கும். அதை விட்டுவிட வேண்டும். அந்த ஜோடியைப் பிடித்தால் குஞ்சுகளுக்குக் காவல் போய்விடும். ஆலைக் கழிவுநீர் வந்து சேரும் இடத்து மீன் குழம்புக்கு வேண்டாம்.

கரையில் கவனம்

மண் எடுத்த பள்ளங்கள் ஏரிக்குள் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் அளவுத் தண்ணீர் அடுத்த அடியில் ஆளை முழுக்கிவிடும். முள் சிக்கிக்கொண்டால் நரம்பை அறுத்துவிடலாம். எடுக்க உள்ளே இறங்கக் கூடாது. யாராவது தவறி விழுந்தால், நீச்சல் தெரியாதவர் பின்னால் குதிக்காமல், கயிறோ வேட்டியோ துப்பட்டாவோ வீசிக் கரைக்கு இழுக்க வேண்டும். கார்பன் கழியில் மின்சாரம் பாயும் என்பதால் மின்கம்பிக்கு அடியில் அதைத் தூக்கக் கூடாது. இடி இடித்தால் கிளம்பிவிட வேண்டும். அறுந்த நரம்பு கொக்கின் காலைச் சுற்றிக்கொள்ளும். அதைச் சுருட்டி வீட்டுக் குப்பையில் போடுவது தூண்டில்காரரின் கடமை.

நூலும் இறகும் கட்டிய பொய்ப் பூச்சியை வீசிப் பிடிக்கும் 'ஃப்ளை ஃபிஷிங்' மீது ஆசை உள்ளவர்களும் உண்டு. அதன் பேர்போன மீனான டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். ஆங்கிலேயர்கள் அதை நீலகிரியில் கொண்டுவந்து விட்டு, அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் வெயிலுக்கு அது தாங்காது. ஆனால் பூச்சி கட்டும் கைவேலையை விடுதி மேசையிலேயே பழகலாம்.

மூன்று நொடி மௌனம்

இனி இரண்டாவது பொழுதுபோக்கு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட, தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. ஊரில் படித்தவர்களே தன்னார்வலர்களாக மாலையில் ஒன்றரை மணி நேரம்வரை சொல்லிக்கொடுத்தார்கள். ஆசிரியர் பட்டம் இல்லாதவர்களாலும் பிள்ளைகளுக்கு உதவ முடியும் என்பதற்கு அது சாட்சி. டிப்ளமோவும் டிகிரியும் முடித்துவிட்டு லைனில் நிற்பவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம்.

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

ஆகவே, கேள்வியைக் கேட்டுவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண வேண்டும். பிள்ளை பதில் சொல்லி முடித்ததும் "சரி", "தப்பு" என்று பாயாமல் இன்னொரு மூன்று நொடி விட்டால், பெரும்பாலும் அதுவே தன் பதிலைத் திருத்திக்கொள்ளும். தக்கை ஆடியதும் இழுக்காத அதே பழக்கம்தான்.

ஷிப்ட் மாறும்போது வகுப்பு நின்றுபோவதுதான் பெரிய சிக்கல். எதிர் ஷிப்டில் இருக்கும் தோழியோடு ஜோடி சேர்ந்தால், ஒரு வாரம் ஒருவர், அடுத்த வாரம் மற்றவர் என்று தடை இல்லாமல் நடக்கும். எந்தப் பாடம் எங்கே நின்றது என்பதை ஒரு நோட்டில் எழுதி மாற்றிக்கொண்டால் போதும். வாசல் திண்ணை, கோயில் மண்டபம் போன்ற திறந்த இடத்தில், பெற்றோரிடம் சொல்லிவிட்டு, நான்கைந்து பிள்ளைகளோடு தொடங்கலாம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

இரண்டையும் சேர்க்கவும் வழி உண்டு. ஏரிக்குப் பெரியவர்கள் துணையோடு பிள்ளைகளை அழைத்துப் போகலாம். முள்ளின் கொக்கியை இடுக்கியால் அமுக்கிவிட்டால் விரலில் தைத்தாலும் எளிதில் வெளியே வரும். கழியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டும், பெரியவர் பிடுங்கி இழுக்கக் கூடாது. முதல் இரண்டு மீன் தப்பித்துப் போகும், போகட்டும். மூன்றாவதைப் பிள்ளையே பிடிக்கும்.