புது வண்டியும் 'டக்' என்ற சப்தமும்

நமது வீட்டு வாசலில் ஒரு புது மோட்டார் சைக்கிள் வந்து நின்று சரியாக நாற்பது நாட்களாகின்றன. வந்த அன்று சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் முதலிய சகல மரியாதைகளும் அதற்கு நடந்தன. பதிலுக்கு அது நமக்குச் செய்த முதல் மரியாதை, 'டக்!' என்ற ஒரு சப்தந்தான். கிளட்சைப் பிடித்து முதல் கியரில் காலை வைத்தோமோ இல்லையோ, கொல்லன் சம்மட்டியால் ஓங்கி அடித்தது போல் ஓர் ஓசை! திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பல வருஷங்களாகப் பணம் சேர்த்து வாங்கிய வண்டி. ஒவ்வொரு 'டக்'கும் நமது நெஞ்சிலே விழுந்தது என்று சொன்னால், உபாத்தியாயர் வீட்டுக் கணக்கு அறிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

யோசனை சொல்லுகிறவர்களுக்கு நமது ஊராகிய கும்பகோணத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை. "கியர்ப்பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்" என்றார் ஒரு ஸ்நேகிதர். "கார் ஆயில் கெட்டியாக இருக்கும், அதை ஊற்றினால் சப்தம் அமுங்கிவிடும்" என்றார் மற்றொருவர். நாம் இரண்டையும் செய்யவில்லை. அதைவிட ஆபத்தான மூன்றாவது காரியத்தைச் செய்தோம். சப்தம் கேட்கக் கூடாதே என்று கியர் நெம்புகோலை மெதுவாக, தூங்கும் குழந்தையைத் தொடுவது போல, தொடத் தொடங்கினோம்.

அதன் பலன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மகாமகக் குளத்து மூலையில் கிடைத்தது. பின்னால் வீட்டு அம்மாள் அமர்ந்திருந்தாள். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றினோம். அதாவது, மாற்றியதாக நினைத்தோம். இஞ்ஜின் 'வீல்' என்று அலறியது, வண்டியோ நகரவில்லை. முதலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் இருக்கும் நியூட்ரலில் போய் மாட்டிக்கொண்டுவிட்டது! பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டு, ஒரு முழ தூரத்தில் நின்றது. பஸ் ஓட்டி சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை. வீடு வந்து சேரும் வரையில் அம்மாள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது அதைவிடக் கடுமையாக இருந்தது.

மறுநாள் காலை, நம்மிடம் படித்து, கணக்குப் பரீட்சையில் இரண்டு முறை தவறி, இப்போது சொந்தமாக மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் பிள்ளையிடம் போனோம். அவன் வண்டியைக் கேட்டான். ஆம், பார்ப்பதற்கு முன்னால் கேட்டான். பிறகு, "ஸார், வண்டி சரியாகத்தான் பேசுகிறது. நீங்கள்தான் பயப்படுகிறீர்கள்" என்றான். அதன் பின் பழைய பல்சக்கரங்கள் இரண்டைத் துணியால் துடைத்து எடுத்துவந்து, நமக்குப் பாடம் நடத்தினான். அதன் சாராம்சத்தை நேயர்களுக்குச் சொல்கிறோம்.

மோட்டார் சைக்கிளின் கியர்ப்பெட்டிக்குள் பல்சக்கரங்கள் எல்லாம் எப்போதும் ஜோடி ஜோடியாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டேயிருக்கின்றன. கியர் மாற்றும்போது ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகர்கிறது. அதன் விலாவிலுள்ள முண்டுகள் அடுத்த சக்கரத்தின் குழிகளுக்குள் போய் விழுகின்றன. காரில் இரண்டு பக்கத்தின் வேகத்தையும் முதலில் சமமாக்கிவிட்டுப் பிறகு சேர்த்து வைக்க ஒரு தனி ஏற்பாடு உண்டு. மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் அது கிடையாது. வண்டி நிற்கும்போது ஒரு பக்கம் நின்றிருக்க, மற்றொரு பக்கம் இஞ்ஜினோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சந்திக்கும்போது 'டக்' என்று கேட்கத்தான் செய்யும். காலையில் முதல் கியர் போடும்போது வரும் ஒற்றை 'டக்' வண்டியின் சுபாவம்; வியாதியன்று.

ஆனால் அதைக் குறைக்க வழி உண்டு. ஆயிலில் ஊறிய கிளட்ச் தட்டுகள், இரவு முழுதும் நின்ற வண்டியில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகையால் இஞ்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு, கிளட்ச் பிடியை முழுவதும் இழுத்து, ஓரிரண்டு விநாடி பொறுத்து, பிறகு கியரை அழுத்த வேண்டும். நின்றபடி ஓடும் இஞ்ஜினின் வேகம் அதிகமாக வைக்கப்பட்டிருந்தாலும் சப்தம் பெரிதாகும்.

அடுத்தது கிளட்ச் கேபிள். புது வண்டியில் கேபிள் படிந்து, சிறிது தளர்வது இயல்பு. தளர்ந்தால், பிடியை முழுவதும் இழுத்தும் கிளட்ச் முழுவதும் விடாது. கியர் முரண்டு செய்யும். பிடியின் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை வெற்று அசைவு இருக்கலாம் என்று பல கையேடுகள் சொல்லுகின்றன. அவரவர் வண்டியின் கையேட்டிலுள்ள அளவே பிரமாணம். நமது வண்டியில் அது இரட்டிப்பாக இருந்தது! ஒரு திருகைத் திருப்ப இரண்டு நிமிஷம் ஆயிற்று. செயின் மிதமிஞ்சித் தொங்கினாலும், ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு வெட்டும் ஓசையும் உண்டாகும்.

ஆயில் விஷயத்தில் ஸ்நேகிதர் சொன்னதை நல்லவேளையாக நாம் கேட்கவில்லை. பெரும்பாலான இக்கால வண்டிகளில் இஞ்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்குகள் கலந்திருப்பதால், கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும். டப்பாவின் மேல் 'ஜாஸோ எம்.ஏ.' என்ற குறி இருக்கிறதா, கையேட்டில் சொன்ன இனமா என்று பார்த்து ஊற்ற வேண்டும். புதிய பாகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து படியும்போது நுண்ணிய உலோகத் துகள்கள் ஆயிலில் சேருகின்றன. ஆகையால் முதல் ஸர்வீஸைத் தள்ளிப்போடலாகாது. அதற்குப் பிறகு பல வண்டிகளில் கியர் தானாகவே மிருதுவாகிவிடுகிறது.

கடைசியாக, காலைப் பற்றிய பாடம். அந்தக் காலத்தில் கியர்க்கோல் பெட்ரோல் டாங்கியின் பக்கத்தில் இருந்தது. ஒரு கையை எடுத்துத்தான் மாற்றவேண்டும். 1920-களின் பிற்பகுதியில், இங்கிலாந்தில் வெலோஸெட் கம்பெனியைச் சேர்ந்த ஹரால்ட் வில்லிஸ் என்பவர், ஒரு மிதிக்கு ஒரு கியர் மாறி, நெம்புகோல் மறுபடி தன் இடத்திற்கே வந்து நிற்கும் ஏற்பாட்டைச் செய்தார். அந்த மிதி அதன் எல்லை வரையில் போய்ச் சேரவேண்டும். பாதியில் கால் தயங்கினால், முண்டுகள் குழியில் விழாமல் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும். அவற்றின் விளிம்புகளும் தேயும். உதைக்க வேண்டாம், தயங்கவும் வேண்டாம். ஒரே அழுத்தம், உறுதியாக, முடிவு வரையில். அவ்வளவுதான்.

இனி, அலட்சியம் செய்யக் கூடாத சப்தங்களும் உண்டு. ஓடும்போது கியர் தானே நழுவுதல், கிளட்சைச் சரிசெய்த பிறகும் 'கரகர'வென்று அரைத்தல், சூடேறிய பின்னும் நியூட்ரல் அகப்படாமை, ஒரே கியரில் மட்டும் இடைவிடாத ஊளை: இவை குறையின் அடையாளங்கள். அப்போது கியர்ப்பெட்டியை வெளியில் எங்கும் பிரிக்கவிடாமல், வண்டி வாங்கிய இடத்திற்கே கொண்டுபோய், ஸர்வீஸ் சீட்டில் எழுத்து மூலமாகப் பதியச் செய்ய வேண்டும். வாய்ச்சொல் வாரண்டியில் செல்லாது.

நாம் கூலி கொடுக்க முயன்றோம். "கணக்கு வாத்தியாரிடம் கணக்கா, ஸார்?" என்று அந்தப் பிள்ளை வாங்க மறுத்துவிட்டான். இரண்டு முறை அவனைத் தவறவைத்த கை, சட்டைப் பைக்குள் சற்று நேரம் தயங்கி நின்றது.

சென்ற வெள்ளிக்கிழமை அதே மூலையில் இரண்டாவது கியரை மாற்றினோம். 'டக்' என்றது. வண்டி நகர்ந்தது. "இப்போது சரியாகிவிட்டதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஒரு வாரத்திற்குப் பிறகு வண்டியின் மேல் உட்கார்ந்து அம்மாள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.