நெஞ்சில் இருக்கும் படத்துக்கு யார் சொந்தக்காரர்?

2020 செப்டம்பரில் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் சேர்ந்து நின்ற ஒரு புகைப்படம் சமூக வலைத்தளங்களில் வெளியானது. ஒருவர் நெஞ்சில், தான் தமிழ் பேசும் இந்தியன் என்ற வாசகம். இன்னொருவர் நெஞ்சில் ‘ஹிந்தி தெரியாது போடா’. இந்தி தெரியாததால் விமான நிலையங்களில் நேர்ந்த அவமதிப்பைப் பற்றி நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் இயக்குநர் வெற்றிமாறனும் பேசியிருந்த நேரம். படம் பரவிய சில நாட்களுக்குள், அந்த வாசகம் அச்சிட்ட டி-சர்ட் கேட்டு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர்கள் வந்தன. கொரோனா ஊரடங்கில் ஏற்றுமதி முடங்கி, முகக்கவசம் தைத்து நாட்களை ஓட்டிக்கொண்டிருந்த ஊர் அது. அந்த வாசகத்தின் அரசியல் தனியே பேச வேண்டிய விஷயம். தொழில் என்ற கோணத்தில் பார்த்தால், அந்த வாரம் நடந்தது திருப்பூரின் வரலாற்றில் அபூர்வமானது. ஒரு பாட்டுக்காரர், ஒரு போட்டோ, ஒரு பனியன் மூன்றும் தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றன. எந்த வெளிநாட்டு பையரும் டிசைன் அனுப்பவில்லை. யாரும் சாம்பிள் பார்த்து ஓகே சொல்லவில்லை. நெஞ்சில் என்ன இருக்க வேண்டும் என்பதை நம் ஆட்களே முடிவுசெய்தார்கள். அதை ஒரு வாரத்துக் கூத்தாக விட்டுவிட்டோமே என்பதுதான் என் வருத்தம். துணியைத் தைத்துக் கூலி வாங்கும் திருப்பூர், துணிமேல் வரும் படத்தையும் உரியவர்களிடம் காசு கொடுத்து வாங்கி, தன் பெயரில் விற்கத் தொடங்க வேண்டும்.

டி-சர்ட் என்று உலகம் சொல்வதைத் திருப்பூர் இன்றும் பனியன் என்றுதான் சொல்கிறது. தலைமூடி வைத்த குளிர்கால உடையைத் தைத்தாலும் அது பனியன் கம்பெனிதான். அந்தப் பெயரில் ஒரு வரலாறு இருக்கிறது. சட்டைக்குள் மறைந்து கிடந்த உடை அது. 1951-இல் ஒரு அமெரிக்கப் படத்தில் மார்லன் பிராண்டோ அதை மட்டும் போட்டுக்கொண்டு திரையில் நின்றபோது, உலகெங்கும் இளைஞர்கள் உள்ளாடையை வெளியே கொண்டுவந்தார்கள். திருப்பூருக்கு ஏற்றுமதி வந்ததும் வெள்ளை டி-சர்ட் வழியாகத்தான். 1970-களின் கடைசியில் இத்தாலிக்குப் போன சரக்கு அது. வெள்ளைத் துணிக்கு விலை ஒன்றுதான். அதன்மேல் படம் ஏறியதும் விலை வேறு. ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் சிவந்த உதடும் நீட்டிய நாக்கும் கொண்ட சின்னத்தை அந்தக் குழுவின் பாட்டை ஒருமுறைகூடக் கேட்காதவர்களும் நெஞ்சில் அணிந்திருக்கிறார்கள். ஜான் பாஷ் என்ற கலை மாணவர் 1970-இல் வரைந்தது. அவருக்கு முதலில் கிடைத்தது 50 பவுண்டு. ரமோன்ஸ் என்ற நியூயார்க் குழுவுக்கு இசைத்தட்டைவிட டி-சர்ட்தான் அதிகம் விற்றது என்பார்கள். ஆண்கள் உடையில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றம், காலரும் பட்டனும் போய் நெஞ்சே ஒரு விளம்பரப் பலகையானது. அந்தப் பலகையின் வாடகை திருப்பூருக்கு வருவதில்லை.

ஒரு பாடகரின் முகம் பனியனில் ஏறும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்த இழப்பு புரியும். தைப்பதற்கு முன்பே, வெட்டிய முன்பக்கத் துண்டுகளை நீளமான மேஜைமேல் பசை தடவி வரிசையாக ஒட்டிவைக்கிறார்கள். புகைப்படத்தைக் கணினியில் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைத்து, நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் போட்டிருப்பார்கள். சட்டத்தைத் துண்டின்மேல் பொருத்தி, மையை ஒரே அழுத்தத்தில் இழுத்து, அடுத்த துண்டுக்கு நகர வேண்டும். ஒரு நிறம் காய்ந்த பிறகு அடுத்த நிறம். ஒரு நூல் அளவு தள்ளிப்போனாலும் கண்ணின் கருமணி இமைக்கு வெளியே போய்விடும், உதட்டுக்கு இரட்டைக் கோடு விழும், அந்தத் துண்டு கழிவு. கன்னத்தின் நிழலில் புள்ளிகள் அடைத்துக்கொண்டால் முகம் கரிபூசியதுபோல் ஆகும். மை அதிகமானால் நாலு சலவையில் வெடிக்கும். சூடு குறைந்தால் முதல் சலவையிலேயே உதிரும். இத்தனையும் தெரிந்த கைகள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரு புகைப்படத்தைப் பருத்தியில் மறுபடி எடுக்கும் வேலை இது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் அந்த மேஜைக்கு வரும் முகங்கள் எல்லாம் லண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் கோப்பாக வருகின்றன. அச்சடித்துத் தைத்து அயர்ன் பண்ணிப் பெட்டிகட்டி அனுப்பியதோடு நம் பங்கு முடிகிறது. மிஞ்சியதும் பிசகியதும் ஊருக்குள் காதர்பேட்டைக் கடைகளில் தொங்குகின்றன.

முகத்துக்கு உரிமை கேட்பது நம் ஊருக்கு ஒத்துவராத பேச்சு என்று சிலர் நினைக்கலாம். உரிமை கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சே குவேராவின் படமே சாட்சி. 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஆல்பர்டோ கோர்டா எடுத்தது. தமிழ்நாட்டில் அந்தப் பனியன் விற்காத ஊர் கிடையாது. கோர்டாவுக்கு அதிலிருந்து பங்கு என்று எதுவும் வரவில்லை. பனியனுக்கும் அவர் வழக்குப் போடவில்லை. 2000-இல் ஒரு மதுபான விளம்பரத்தில் படம் வந்தபோதுதான் நீதிமன்றம் போனார். கிடைத்த இழப்பீட்டை கியூபாவின் மருத்துவத்துக்குக் கொடுத்துவிட்டார். நம் நாட்டிலும் சட்டம் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. பாப் பாடகர் தலேர் மெஹந்தியைப்போல் செய்த பொம்மைகளை விற்றதற்கு எதிராக 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் பெயரையும் பாணியையும் ஒரு இந்திப் படம் பயன்படுத்தியதற்கு எதிராக ரஜினிகாந்த் போட்ட வழக்கில், 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. முகத்துக்கு உரியவருக்கு இப்படி ஒரு பிடி கிடைத்திருக்கிறது. படம் எடுத்தவரின் நிலை அத்தனை நன்றாக இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் மட்டுமே போட்டோகிராபருக்கு உரிமை மிஞ்சும். ஒரு நாள் சம்பளத்துக்குக் கச்சேரிப் படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர் கையில் அப்படி ஒரு தாள் இருக்கும்?

நம்மிடம் படம் இருக்கிறதா என்றால், நிறையவே இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முறை மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை நினைத்துப் பாருங்கள். கானாவும் ராப்பும் பாட வந்த அத்தனை பேரும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு சூட்டில் நின்றார்கள். அந்த உடையில் அம்பேத்கர் தெரிந்தார். பாட்டு காதில் விழும் முன்பே அந்தப் புகைப்படம் பேசிவிட்டது. ஆண்கள் உடையை வைத்து இவ்வளவு அழுத்தமாக ஒரு சொல்லைச் சொன்ன இன்னொரு இந்திய இசைக்குழு எனக்கு நினைவில் இல்லை. மூன்று ஆண்டு கழித்து அதே குழுவின் அறிவு, பாடகி தீயுடன் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகம் சுற்றியது. 2021 ஆகஸ்டில் ஒரு இசை இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அறிவின் படத்தோடு மின்னிதழ் அட்டை ஒன்று வந்தது. பாட்டில் ஒருவர் இருப்பதும் படத்தில் அவர் இருப்பதும் வேறுவேறு என்பதைத் தமிழர்கள் கோபத்தோடு புரிந்துகொண்ட தருணம் அது. யார் முகம் அச்சாகிறது என்பதில் இத்தனை அக்கறை உள்ள சமூகம், அந்த முகத்தைப் பனியனில் அணியவும் தயாராகவே இருக்கும். அதை அச்சடிக்கும் மேஜை திருப்பூரில் இருக்கிறது.

ஏற்றுமதியாளர்கள் சொல்லும் முதல் மறுப்பு நியாயமானது. பல்லாயிரம் பீஸ் கொண்ட ஆர்டரில்தான் எங்கள் கணக்கு நிற்கிறது, ஒரு பாடகருக்கு முந்நூறு பீஸ் அடித்து என்ன மிச்சம் என்பார்கள். 2024-25-இல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊரிடம் சின்ன லாட்டைப் பற்றிப் பேசுவது விளையாட்டாகத் தோன்றும். ஆனால் அந்தப் பெரிய கணக்கு எவ்வளவு ஆட்டம் காணும் என்பதை 2025 ஆகஸ்ட் 27 காட்டியது. அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும், ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அந்த நாட்டுக்கு அனுப்பிவந்த ஊரில் ஆர்டர்கள் நின்றன. தைப்பது நம் வேலை, விற்பது அவர்கள் வேலை என்று இருக்கும்வரை யாரோ போடும் கையெழுத்து நம் மெஷினை நிறுத்தும். இன்னொன்று, திருப்பூர் ஒரே கூரைக்குள் இயங்கும் ஊரல்ல. நிட்டிங் ஒரு தெருவில், சாயம் ஒரு இடத்தில், பிரிண்டிங் வேறொரு இடத்தில், காஜா பட்டன் இன்னொரு சந்தில் என்று ஜாப் ஒர்க்கில் பிழைக்கும் ஊர். சின்ன லாட்டுக்கு இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது. ஸ்கிரீனே இல்லாமல் ஒற்றைப் பீஸ் அடிக்கும் டிஜிட்டல் மெஷின்களும் ஊருக்குள் வந்துவிட்டன. பெரிய ஏற்றுமதியாளர் இறங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சின்ன யூனிட்களுக்குப் பொருத்தமான வேலை இது.

அடுத்த மறுப்பு கள்ளப் பதிப்பு பற்றியது. இன்று அதிகாரபூர்வமாக அடித்தால் நாளை நடைபாதையில் பாதி விலைக்கு வரும். உண்மைதான். சேப்பாக்கத்தில் ஐபிஎல் நாட்களில் மைதானத்துக்கு வெளியே விற்கும் மஞ்சள் ஜெர்சிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் அதே வாசலில் அசல் ஜெர்சியைத் தேடி வாங்குகிறவர்களும் நிற்கிறார்கள். தன் காசு தனக்குப் பிடித்தவரிடம் போய்ச் சேர்கிறது என்று தெரிந்தால் ரசிகன் நூறு ரூபாய் கூடக் கொடுப்பான். அது தெரிய வழி செய்தால் போதும்.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது மூன்றாவது மறுப்பு. இன்னும் பனியன், இன்னும் சாயம் என்றால் நொய்யல் ஆறு தாங்குமா? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் பட்ட பாடும் மறக்கக்கூடியவை அல்ல. படத்தின் பங்கு வேண்டும் என்று நான் கேட்பதே இதனால்தான். எண்ணிக்கையைக் கூட்டி வருமானம் பார்க்கும் வழியை ஆறு ஏற்கெனவே அடைத்துவிட்டது. ஒரு பீஸுக்குக் கிடைக்கும் மதிப்பைக் கூட்டுவதுதான் மிச்சமிருக்கும் வழி. துணியும் தண்ணீரும் அதே அளவுதான், விலையைக் கூட்டுவது படம். அப்படிக் கூடும் காசு முதலாளியோடு நின்றுவிடும் என்ற பயமும் நியாயமானது. பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்கும் பிரிண்டிங் மேஜையில் நிற்பவருக்கும் அது தானாக வந்து சேராது. சம்பள ஒப்பந்தம் பேசும்போது தொழிற்சங்கங்கள் இந்த வகைப் பனியனுக்குத் தனி ரேட் கேட்க வேண்டும். கேட்க வலுவான காரணமும் இருக்கிறது: முகம் பிசகாமல் விழுவது அந்தக் கைகளால்தான்.

இதற்குப் பெரிய திட்டமோ மானியமோ வேண்டியதில்லை. 1997 முதல் திருப்பூரில் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி இருக்கிறது. டிசைன் படித்தவர்கள் வருடா வருடம் வெளியே வருகிறார்கள். பாடகர், போட்டோகிராபர், பிரிண்டிங் யூனிட் மூவரும் கையெழுத்திடும் இரண்டு பக்கத் தமிழ் ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுமதியாளர் சங்கமும் கல்லூரியும் சேர்ந்து வழக்கறிஞரை வைத்து எழுதிக் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும். பீஸுக்கு இவ்வளவு என்று பங்கு, எத்தனை பீஸ் என்று கணக்கு, படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்கும் என்று ஒரு வரி. கழுத்துக்குப் பின்னால் லேபிளுக்குப் பதிலாக அளவும் நாடும் சலவைக் குறிப்பும் அச்சடிக்கும் வழக்கம் வந்து பல வருடமாகிறது. ஒரே அழுத்தத்தில் விழும் அந்தச் சின்னக் கட்டத்தில் இன்னும் இரண்டு வரிக்கு இடமிருக்கிறது: படம் எடுத்தவர் பெயர், அச்சடித்த ஊர் பெயர்.