செலவாகாத மானியம் யார் குற்றம்?

“மத்திய சர்க்கார் பணத்தை வாரிக் கொடுத்தது, மாநில சர்க்கார் செலவிடாமல் தூங்கிவிட்டது” என்ற வாசகம் இராமநாதபுரம் சீமையில் சில வருஷங்களாக மேடைதோறும் முழங்குகிறது. இழுவலைப் படகுக்குப் பதில் ஆழ்கடல் மீன்பிடிப் படகு தரும் திட்டத்தைப் பற்றி யார் பேச எழுந்தாலும் இதையே முடிவான தீர்ப்பாகச் சொல்லி அமர்வதால், இனியும் மறுக்காமல் விடுவது நியாயமன்று.

முதலாவது, “கொடுத்தது” என்பது. 2017 ஜூலை 27 அன்று, அப்துல் கலாம் நினைவகத்தைத் திறந்துவைக்க இராமேசுவரம் வந்த பிரதமர் மீனவர்களுக்கு வழங்கியவை இத்திட்டப் படகுகளுக்கான அனுமதிக் கடிதங்கள். கடிதம் வேறு, காசு வேறு.

இரண்டாவது, “தூங்கிவிட்டது” என்பது. டில்லியிலிருந்து வரும் மானியம் மாநிலத்தின் தொகுப்பு நிதியில் சேர்ந்துவிட்டால், சட்டத்தின் அனுமதியின்றி அதிலிருந்து ஒரு காசும் எடுக்கலாகாது என்று அரசியல் சாசனத்தின் 266-ஆவது ஷரத்து விதிக்கிறது. வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறாத இனமாயின் சட்டசபையில் துணை மானியக் கோரிக்கை, நிதித்துறையின் இசைவு, அரசாணை, அதன் பின்னரே கருவூலம் என்ற இந்த வரிசை, பொதுப்பணத்துக்கு ஜனநாயகம் இட்ட காவல். அதைத் தூக்கம் என்பது அறியாமை.

மூன்றாவது, “செலவிடாமல்” என்பது. வாதம் அடியோடு சரிவது இங்கேதான். படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய் என மதிப்பிட்டு, 50 சதவீதத்தை மத்திய சர்க்காரும் 20 சதவீதத்தை மாநில சர்க்காரும் ஏற்க, 20 சதவீதம் வங்கிக் கடனாகவும் 10 சதவீதம் மீனவர் பங்காகவும் அமைய வேண்டும் என்று திட்டம் வகுத்தது. ஆகவே, தங்கச்சிமடத்தில் ஒற்றை விசைப்படகை நம்பி ஜீவனம் நடத்துபவர், அந்தப் படகைக் கைவிடவும், 8 லட்சத்தைத் தம் கையிலிருந்து கட்டவும், ஈட்டுக்குப் பத்திரம் கேட்கும் வங்கியில் 16 லட்சம் கடன் பெறவும், பாக் நீரிணையின் இழுவலையை மறந்து ஆயிரங்கால் தூண்டிலோடு பழகாத கடலுக்குப் போகவும் துணிந்தாலொழிய, படகு கட்டும் வேலையே தொடங்காது. படகு உருவாகாமல், பணம் செலவானதற்கு டில்லி கேட்கும் பயன்பாட்டுச் சான்றிதழை எழுத இயலாது. சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வாராது. 2021 ஜூலையில் மத்திய நிதியுதவித் திட்டங்களுக்கு வந்த விதியோ, ஒரு தவணைக்கு 25 சதவீதத்துக்கு மேல் விடுவிப்பதில்லை என்றும், வந்ததில் 75 சதவீதமாவது செலவானால்தான் அடுத்தது என்றும் கட்டை இன்னும் இறுக்கியது. வங்கி வாசலில் தடைப்பட்ட பணத்துக்குச் செயலகத்தின்மேல் பழி சுமத்துவது எந்த நீதி?

நான்காவது, அந்த வாசகத்தோடு ஒட்டிவரும் “பணம் மிஞ்சியது, ஆகவே திட்டமே தேவையில்லை” என்பது. ஆழ்கடலுக்குப் போக வழியின்றி, இலங்கைக் கடலெல்லை தாண்டிச் சிறைப்பட்ட மீனவர்களின் வீடுகளில் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

மீனவரின் கடனுக்கு இரு சர்க்கார்களும் பிணை நிற்க முன்வரட்டும். அதன் பிறகும் பணம் மிஞ்சினால், அப்போது குற்றவாளியைத் தேடலாம்.